அம்மாவோடு சென்னையில் முதல் நாள்: ஐந்து இடமும் முடியுமா?

சுவாமிமலைக்குப் பக்கத்துக் கிராமம் என்கிறீர்கள். சம்பா அறுவடை முடிந்த கையோடு மாசி மாதத்தில் 64 வயது அம்மாவை மூன்று நாள் சென்னைக்கு அழைத்துப் போகிறீர்கள். அம்மா சென்னையைப் பார்த்ததில்லை. சர்க்கரை இருக்கிறது, முழங்காலும் வலிக்கிறது. கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி விடியற்காலையில் எழும்பூர். முதல் நாளிலேயே கபாலீஸ்வரர், அஷ்டலட்சுமி கோயில், வண்டலூர் மிருகக்காட்சிசாலை, தி.நகர், மெரினா ஐந்தையும் முடித்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஒரு கார் பிடித்தால் ராத்திரி ஒன்பதுக்குள் ஐந்து வாசலையும் மிதித்துவிடலாம். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், "பாதியிலேயே அம்மா ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிடக் கூடாது" என்று. உண்மையான கேள்வி அதுதான். அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

கும்பகோணத்தை வைத்துக்கொண்டு 19 வருடமாக ஆட்களை வெளியூர் அழைத்துப் போகிறேன். காசி, ராமேஸ்வரம், சென்னை எல்லாம் உண்டு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபது தாண்டிய பெண்கள். அவர்களைப் பற்றி ஓரளவு தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கள் அம்மாவைத் தெரியாது. அதனால் நான் சொல்வதில் ரயில், லாட்ஜ், நேரம், தூரம் சம்பந்தப்பட்டதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்கிற இடங்களில் உங்கள் புத்தியையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பு விஷயத்தில் நான் மருத்துவன் இல்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

என் கணக்கு இதுதான். முதல் நாள் காலையில் ஒன்று, சாயங்காலத்தில் ஒன்று, நடுவில் படுக்கை. காலையில் பார்க்கும் அந்த ஒன்று, அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக இருக்க வேண்டும். புது ஊரில் புதுசாக எதையாவது காட்டி அசத்த வேண்டும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் இரண்டு மூன்று வருடம் எழும்பூரில் இறங்கிய உடனே வேனில் ஏற்றி நாலு இடம் சுற்றிக் காட்டினேன். மத்தியானம் வேனில் ஒருத்தர் முகத்திலும் ஈ ஆடாது. என் சொந்த அக்காவையே ஒருமுறை அப்படி இழுத்துக்கொண்டு போனேன், கோயில் வரிசையில் உடம்பெல்லாம் வியர்த்து, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். ரயிலில் சர்க்கரை மாத்திரை போட்டவர், காலைச் சாப்பாடு பத்தரை வரை தள்ளிப்போயிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. அக்கா இன்றைக்கும் மெட்ராஸ் என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிறார், வேண்டாம் என்பதற்கு.

முதல் நாள் என்பது முந்தின ராத்திரி ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. டிக்கெட்டைப் பார்ப்போம். இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது, முன்பு போல 120 நாள் இல்லை. பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. 45 வயது தாண்டிய பெண்களுக்கும் 60 தாண்டிய ஆண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. அவர்கள் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவரோடு மட்டுமோ போட்டால்தான் அது கிடைக்கும். முப்பத்தைந்து வயதுப் பிள்ளை அதே டிக்கெட்டில் சேர்ந்தால் கணினி அந்த ஒதுக்கீட்டைப் பார்க்காது. அதனால் அம்மாவுக்குத் தனி டிக்கெட் போடுங்கள், உங்களுக்கு வேறு டிக்கெட். பெட்டி மாறி விழுந்தாலும் பரவாயில்லை, ஏற்றிவிட்டு, படுக்க வைத்துவிட்டு உங்கள் இடத்துக்குப் போங்கள். முழங்கால் வலிக்காரர் நடு பெர்த்தில் ஏறி இறங்குவதைவிட இது மேல். மூத்த குடிமக்களுக்கு முன்பு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றதுதான், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று. எழும்பூர் நிலையத்தில் கட்டுமான வேலை நடப்பதால் சில வண்டிகளை அவ்வப்போது தாம்பரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். டிக்கெட்டில் எழும்பூர் என்று இருந்தாலும் கிளம்புகிற அன்றைக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தோடு நின்றால் அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் வரலாம், அந்நேரத்தில் கூட்டம் இருக்காது. பஸ்ஸில் போகலாமா என்று உங்கள் பக்கத்துவீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். நம்ம பக்கத்துப் பஸ்கள் இப்போது, 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில்தான் நிற்கின்றன. அங்கிருந்து ஊருக்குள் வர இன்னும் முப்பது கிலோமீட்டர். அதைவிட, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்தால் அம்மா கால் வீங்கிப்போகும்.

ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். கையில் மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லி எட்டு, வாழையிலையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் இருவருக்கும் ராத்திரிக்கு இல்லை, காலை ஆறு மணிக்கு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து, நம் ஆண்பிள்ளைகள் யோசிக்கவே யோசிக்காத விஷயம். அம்மா மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். உங்களிடம் சொல்ல மாட்டார். ரயில் கழிவறைக்குப் போகப் பயம், வெளியூரில் எங்கே போவது என்ற கூச்சம். நான் கூட்டிப்போன பெண்களில் இப்படிச் செய்யாத ஒருத்தரை நான் பார்த்ததில்லை. மறுநாள் தலைவலி, கால் பிடிப்பு, மயக்கம், சிறுநீர் எரிச்சல் என்று வருவதில் பாதி இதனால்தான். "தண்ணி குடிங்கம்மா" என்று நூறு தரம் சொன்னாலும் குடிக்க மாட்டார்கள். "இங்க பாத்ரூம் இருக்கும்மா, சுத்தமா இருக்கு, நான் பாத்துட்டு வந்துட்டேன்" என்று சொன்னால் தானாகக் குடிப்பார்கள். எங்கே போனாலும் முதல் வேலை அதைப் பார்த்து வைப்பதுதான். உங்களோடு மனைவியோ தங்கையோ வந்தால் பாதிப் பாரம் குறையும். நீங்களும் அம்மாவும் மட்டும்தான் என்கிறபோது இந்தக் கூச்சத்தை நீங்கள்தான் உடைக்க வேண்டும்.

வண்டி விடிவதற்கு முன்பே எழும்பூர் வந்துவிடும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். அறை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் என்று லாட்ஜில் சொல்வார்கள். இணையத்தில் பதிவு செய்யும்போது தேதியைத்தான் பார்ப்போம், மணியைப் பார்க்க மாட்டோம். ஒருமுறை ஒன்பது பெண்களோடு ஒரு லாட்ஜ் வாசலில் அப்படி மாட்டிக்கொண்டேன். பணம் முழுக்கக் கட்டியிருந்தேன். வரவேற்பில் இருந்த பையன் தலையைக்கூட நிமிர்த்தாமல் "ரூம் காலியாகல சார்" என்றான். ஒன்பது பேரும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய நாள் அங்கேயே முடிந்துவிட்டது.

வழி மூன்று. எழும்பூர் நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் சில, எந்த நேரத்தில் நுழைகிறோமோ அதிலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கு வைப்பவை. போனில் கூப்பிட்டு "காலை அஞ்சு மணிக்கு வர்றோம், அப்பவே சாவி தருவீங்களா" என்று நேராகக் கேளுங்கள், சொல்கிறவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் முந்தின ராத்திரிக்கும் சேர்த்தே வாடகை கொடுத்துவிடுங்கள். வீண் செலவு மாதிரித் தெரியும், ஆனால் இந்த மூன்று நாளில் நீங்கள் செலவழிக்கும் பணத்திலேயே உருப்படியானது அதுதான். மூன்றாவது, ரயில் நிலையத்து ஓய்வறையை முன்கூட்டியே பதிவு செய்வது. எதைச் செய்தாலும் ஐந்தரை மணிக்கு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க வேண்டும். வெந்நீர் வருகிறதா என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்தக் குழாயைத் திறந்ததும் "என்னடா இது, தண்ணியில சவுக்கார நுரையே வர மாட்டேங்குது" என்று தொடங்கும். நம்ம ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தண்ணீரைக் குறை சொல்லாமல் ஊரே ஒத்துவராது. ஒரு தகவல் சொல்லி வையுங்கள். சென்னைக்குப் போகும் குடிநீரில் ஒரு பங்கு வீராணம் ஏரியிலிருந்து போகிறது, 2004-லிருந்து. வீராணத்துக்குக் கீழணையிலிருந்து வடவாற்று வழியாகத் தண்ணீர். கீழணை எங்கே இருக்கிறது? அணைக்கரையில். அதாவது அம்மா நூறு தரம் பஸ்ஸில் தாண்டிய அந்தப் பாலத்துத் தண்ணீர்தான் இருநூறு கிலோமீட்டர் தாண்டிப் பட்டணத்துக்கு வருகிறது. லாட்ஜுக் குழாயில் வருவது அதுவா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா என்பது வேறு விஷயம். ஆனால் இதைக் கேட்ட பிறகு குறை சொல்லும் தொனி மாறிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

குளித்து முடித்ததும் அந்த இட்லி. ஆறு மணிக்கு ஓட்டல் திறந்திருக்கும்தான், ஆனால் உடை மாற்றி, படி இறங்கி, இடம் பிடித்து, சொல்லி, வருவதற்குள் ஏழரை ஆகிவிடும். சாப்பாட்டுக்கு முன் போடுகிற சர்க்கரை மாத்திரை என்றால், சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் மாத்திரையைக் கையில் கொடுக்க வேண்டும். கைநடுக்கம், திடீர் வியர்வை, பேச்சில் ஒரு எரிச்சல் தெரிந்தால் உடனே இனிப்பாக ஏதாவது கொடுக்க, உங்கள் சட்டைப் பையிலேயே சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் பயண நாளுக்கு எப்படி என்று கிளம்பும் முன் அம்மாவின் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், அதில் நான் வாய் திறக்க மாட்டேன். இட்லி சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் படுக்கட்டும். எட்டரைக்கு மேல் கீழே இறங்கி ஒரு காபி. நம்மூர்க் காபி மாதிரி இல்லை என்று அங்கேயும் ஒன்று வரும். வரட்டும்.

இப்போது அந்தக் காலை இடம். எழும்பூர் அருங்காட்சியகம். "மியூசியமா?" என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பது இங்கே தெரிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கூட்டிப்போகும் இடம் என்றுதான் நமக்கு நினைப்பு. எழும்பூர் நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிடம், பாந்தியன் சாலை. காலை ஒன்பதரைக்குத் திறப்பார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மறந்துவிடாதீர்கள். 1851-ல் தொடங்கிய இடம். கல்தூண், மண்டை ஓடு, பாடம் பண்ணிய மிருகம் எல்லாம் உண்டு, அதெல்லாம் வேண்டாம். நேராகச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்குப் போங்கள்.

அங்கே இருப்பதில் எவ்வளவு நம்ம ஊருடையது என்று பார்த்தால் உங்களுக்கே திகைப்பாக இருக்கும். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் அங்கே. பருத்தியூர் ராமர் அங்கே. நாகப்பட்டினத்தில் 1856-லிருந்து மண்ணுக்குள்ளிருந்து கிடைத்துக்கொண்டே இருந்த புத்தர் படிமங்களில் நிறைய அங்கே. நாகப்பட்டினத்தில் புத்தர் இருந்தாரா என்று அம்மா கேட்பார். ராஜராஜன் காலத்தில் கடல்கடந்த ஸ்ரீவிஜயத்து அரசன் அங்கே புத்த விகாரம் கட்டினான், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதி வைத்தார்கள் என்று சொல்லுங்கள். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்வருகிறவர், அதை அதிசயமாக எடுத்துக்கொள்ள மாட்டார். மூன்றாவதும் இருந்ததா, சரி என்று போய்விடுவார்.

அர்த்தநாரீசுவரர் முன்னால் மட்டும் அவசரப்படாதீர்கள். மூன்றே கை. சிவன் பக்கம் இரண்டு, அம்பாள் பக்கம் ஒன்று. வலது இடுப்பு நேராக இறங்குகிறது, இடது இடுப்பு வளைந்து வெளியே வருகிறது. ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு எந்த இடத்தில் மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. பதினோராம் நூற்றாண்டு. ஐந்தாறு வருடத்துக்கு முன் சீர்காழிப் பக்கத்து அம்மா ஒருவர் என் கூட்டத்தில் வந்தார். அதன் முன் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். காவலர் "தேவையில்லம்மா" என்றார். அந்த அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம், "இவருக்கு இங்க யாரு தம்பி வெளக்கு ஏத்துறது?" என்றார். எனக்குப் பதில் இல்லை. மேலே மாட்டியிருந்த மின்விளக்கைத்தான் இரண்டு பேரும் பார்த்தோம். அன்று மத்தியானம் சாப்பிடும்போது மொத்தக் கூட்டமும் அதையே பேசியது. கோயிலுக்குள் இருந்திருந்தால் அலங்காரத்துக்குள் இடுப்பு வளைவு தெரிந்திருக்காது என்று ஒருவர், பாதுகாப்பாக இருக்கிறதே அது போதாதா என்று ஒருவர், உரியவர் இடத்தில் உரியவர் இருக்க வேண்டும் என்று ஒருவர். அந்தச் சண்டைக்கு நான் தீர்ப்புச் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன்.

உங்கள் அம்மாவுக்கு இதில் இன்னும் ஒரு பிடிப்பு இருக்கிறது. சுவாமிமலைக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஸ்தபதிகள் பட்டறையில் மெழுகில் உருவம் பிடிப்பதையும், காவிரி வண்டல் மண்ணைக் குழைத்து அதன்மேல் பூசுவதையும், காய்ந்த பிறகு சூடு காட்டி மெழுகை ஓடவிட்டு, அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுவதையும் போகிற வருகிறபோது பார்த்திருப்பார். சலித்துப்போகிற அளவுக்குப் பார்த்திருப்பார். மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வரும், ஒரு கருவுக்கு ஒரு சாமிதான் என்பதும் தெரிந்திருக்கும். அங்கே நின்று, "இதெல்லாம் எப்படிம்மா செய்யறாங்க?" என்று நீங்கள் அவரிடம் கேளுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அவர் சொல்லட்டும். புது ஊரில் முதல் நாள் காலையில், எதுவும் தெரியாதவராகப் பிள்ளை பின்னால் நடந்துகொண்டிருந்த அம்மா, அந்த இடத்தில் விஷயம் தெரிந்தவராகிவிடுவார். ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பக்கத்திலிருக்கும் யாரோ ஒரு பெண்ணுக்கும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தால் நாள் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் போதும். மாடி இருக்கிறது, லிஃப்ட் ஓடுகிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். ஓடவில்லை என்றால் கீழே பார்த்ததோடு விட்டுவிடுங்கள். நடுநடுவே உட்கார வையுங்கள். வளாகத்தில் மரநிழல் இருக்கிறது, அங்கே அரை மணி நேரம் சும்மா உட்காரலாம். பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். வழியில் சாப்பாடு, பன்னிரண்டரைக்குள். பிறகு நாலு மணி வரை அம்மா தூங்கட்டும். நீங்கள் தூங்காவிட்டால் வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள். "சும்மா படுத்துக் கெடக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று அம்மா சொல்வார். ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்கும்.

வருகிற நாள் வெள்ளிக்கிழமையாக விழுந்தால் காலையில் மயிலாப்பூர் போய்விடுங்கள். கபாலீஸ்வரர் கோயில் உச்சி நேரத்தில் நடை சாத்திவிட்டுச் சாயங்காலம் நாலு மணிக்குத் திறக்கும். காலை என்றால் எட்டரைக்கு முன்னால் உள்ளே இருக்க வேண்டும். காரணம் கூட்டம் மட்டும் இல்லை. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மட்டுப்பட்டிருக்கலாம். வெயிலில் காய்ந்த கல் தரையில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றினால் சுடுவது தெரியாது, ராத்திரி கொப்புளம் தெரியும். இது நம்மூர்க் கோயில்களுக்கும் பொருந்தும்தான், ஆனால் ஊரில் எந்தப் பக்கம் எப்போது நிழல் விழும் என்று அம்மாவுக்குத் தெரியும். மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரில் தெருக்களை மாற்றி விட்டிருக்கிறார்கள், ஆட்டோ கொஞ்சம் தள்ளியே இறக்கிவிடும், அந்த நடையையும் கணக்கில் வையுங்கள். பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழாச் சமயம் என்றால் இந்தப் பக்கமே வேண்டாம். மாசிதானே, தப்பித்தீர்கள்.

சாயங்காலம் மெரினா. நாலரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். கடல் அம்மாவுக்குப் புதிதில்லை, பூம்புகாரில் ஆடி அமாவாசைக்கு முழுகியிருப்பார். அந்தக் கூட்டம்தான் புதிது. மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீர் வரைக்கும் மணல் மிக அகலம், முழங்கால் வலியோடு நடப்பது பெரும்பாடு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் மரப்பாதை ஒன்று போட்டார்கள், 263 மீட்டர் நீளம், கிட்டத்தட்டத் தண்ணீர் பக்கம் வரைக்கும் போகிறது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரி செய்தார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடக்கலாம். சனி ஞாயிறு என்றால் இளசுகள் கூட்டம் அதில் அடைத்துக்கொண்டு நிற்கும், வார நாள் உத்தமம். மரப்பாதை முடிகிற இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். தண்ணீரில் கால் நனைக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால் கணுக்கால் வரை மட்டும், நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு. மெரினா குளிக்கிற கடல் இல்லை, இழுக்கும்.

திரும்பி வருகிறபோது அந்த வட்டமான விவேகானந்தர் இல்லத்தைக் காட்டுங்கள். 1842-ல் கட்டியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை மரத்தூள் போட்டுப் பத்திரப்படுத்தி வைக்கிற கிடங்காகத்தான் கட்டினார்கள். அதனால்தான் அந்தப் பக்கத்துக்கு ஐஸ்ஹவுஸ் என்று பெயர். விவேகானந்தர் 1897-ல் அங்கே தங்கினார். நான் கூட்டிப்போன அம்மாக்கள் அத்தனை பேருக்கும் விவேகானந்தரைவிட அந்த ஐஸ் கதைதான் பிடித்தது. "அம்புட்டுத் தூரம் கரையாமயா வந்துச்சு?" என்ற கேள்வி வராமல் இருந்ததே இல்லை.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அஷ்டலட்சுமி கோயிலில் மேல்தளங்களுக்குக் குறுகலான படிகள், ஏறி இறங்கித்தான் எட்டு லட்சுமியையும் பார்க்க முடியும். அம்மா கீழே இருப்பதை மட்டும் கும்பிட்டுவிட்டு, மீதியைப் பார்க்காத குறையோடு வருவார், இந்தப் பயணத்தில் அது வேண்டாம். வண்டலூர் ஊருக்கு வெளியே, நாள் முழுக்கக் கேட்கும், செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். தி.நகரை மூன்றாம் நாள் காலையில் கடை திறக்கிற நேரத்தில் வையுங்கள். அதற்கு முன் வைத்தால் வாங்கிய பைகளைத் தூக்கிக்கொண்டுதான் மற்ற இடங்களுக்கு அலைய வேண்டும்.

மெட்ரோ ரயிலும் இரண்டாம் நாள்தான். எழும்பூர் நிலையத்துக்கு எதிரிலேயே மெட்ரோ இருக்கிறது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எஸ்கலேட்டர் என்பது அறுபது வயதில் முதல்முறை பார்க்கிறவர்களுக்கு லேசான காரியம் இல்லை. ஒரு அம்மா அதன் வாசலில் வந்து நின்று, வலது காலைத் தூக்கினார், படி நகர்ந்துவிட்டது, காலைப் பின்னால் எடுத்தார். மறுபடி தூக்கினார். பின்னால் ஆபீஸ் போகிற கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆறாவது தடவை அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது, பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பது போல. அப்போதுதான் பக்கத்தில் லிஃப்ட் இருப்பதே எனக்கு நினைவுக்கு வந்தது. எல்லா மெட்ரோ நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. அதில் போங்கள். எஸ்கலேட்டரில் ஏறியே பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னால் பகல் இரண்டு மணிக்கு, கூட்டம் இல்லாதபோது. புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், மேலே போகையில் நீங்கள் ஒரு படி கீழே நில்லுங்கள்.

ஆட்டோவுக்கு அரசு 2013-ல் வைத்த கட்டணம் குறைந்தபட்சம் 25 ரூபாய். அதைச் சொல்லி வாதாடிப் பயனில்லை, ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள், அல்லது செயலியில் பதிவு செய்யுங்கள். பேரம் பேசுகிற சத்தத்தை அம்மா காதில் போடாதீர்கள். எண்பது ரூபாய்க்கு எண்பது நிமிடம் வருத்தப்படுவார். அதற்கு மாற்றும் ஒன்று உண்டு. நம்மூர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாமல் போகிறதே, அதே வசதி சென்னையிலும் சாதாரணக் கட்டணப் பஸ்களில் உண்டு, முகப்பில் பிங்க் வண்ணம் அடித்திருக்கும். இரண்டாம் நாள் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு ஐந்து நிறுத்தம் அதில் கூட்டிப்போங்கள். உங்களுக்கு டிக்கெட், அவருக்கு இல்லை. அதில் ஏறி ஜன்னலோரம் உட்காரும்போது அம்மா முகத்தில் வருகிற மிதப்பைக் கார் வைத்துச் சுற்றினால் பார்க்க முடியாது.

முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குள் அறைக்கு வந்துவிடுங்கள். அம்மா ஊருக்குப் போன் போடுவார், பக்கத்து வீட்டுக்கோ உங்கள் அப்பாவுக்கோ. முதலில் மாடு கறந்தாச்சா, வைக்கோல் போட்டாச்சா என்று போகும். அது முடிந்து "இங்கதானே, ஆங், பாத்தோம்" என்று தொடங்கும்போது நீங்கள் டி.வி.யை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உங்களிடம் "நல்லாதான்டா இருந்துச்சு" என்று மட்டும் சொல்கிறவர் அங்கே எதைப் பற்றி நீளமாகச் சொல்கிறாரோ, அதே மாதிரி ஒன்றை மறுநாள் காலைக்கு வையுங்கள். பாத்ரூமைப் பற்றியும் கால் வலியைப் பற்றியும் மட்டுமே சொல்லிவிட்டு வைத்தால், மறுநாளைக்குப் போட்ட திட்டத்தில் பாதியை அடித்துவிட்டு, சாயங்காலம் திரும்பவும் அந்த மரப்பாதைக்கே கூட்டிப்போய் உட்கார வையுங்கள்.